அப்பா அம்மாவை ஹத்தாவுக்கு அழைத்துப் போகலாமா?

அப்பாவும் அம்மாவும் விசிட் விசாவில் துபாய் வந்திருக்கிறார்கள், புர்ஜ் கலீஃபா, மால் எல்லாம் பார்த்தாயிற்று, "இந்த ஊர்ப் பக்கம் மலையே கிடையாதா?" என்று அப்பா கேட்கிறார், உங்களிடம் கார் இல்லை, துபாயின் மலையூரான ஹத்தாவுக்கு ஒரே நாளில் போய்வந்தால் அலைச்சலுக்குப் பலன் இருக்குமா? இதுதான் உங்கள் கேள்வி. தாராளமாகப் போகலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் போவது போலப் போகாதீர்கள். அணைக்குப் போய்ப் படகில் ஏறி, நான்கு படம் எடுத்து, வெயில் ஏறியதும் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போய்வந்த பலர் "ஒன்றுமே இல்லையே அங்கே" என்று சொல்லி நானே கேட்டிருக்கிறேன். பழைய ஊரில் தொடங்கிப் பேரீச்சந்தோப்பு, அதன் பிறகு அணை என்று வரிசையை மாற்றிப் பாருங்கள். இந்தக் காய்ந்த மலைக்குள் மனிதர்கள் தண்ணீரை எப்படிப் பிடித்து வைத்து வாழ்ந்தார்கள் என்பதுதான் ஹத்தாவில் பார்க்க வேண்டிய விஷயம். விவசாயம் தெரிந்த குடும்பம் என்றால் உங்கள் அப்பாவுக்கு நம்மைவிட அது நன்றாகப் புரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மலையூர் என்றதும் நம் ஆட்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் நினைப்பு வந்துவிடும். ஹத்தா அப்படியில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹத்தா ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர்தான். சுற்றிலும் மலை எழும்பி நிற்கும், ஊர் அதன் மடியில் கிடக்கும். ஜூன், ஜூலையில் போனால் அங்கேயும் நாற்பது டிகிரிக்கு மேல் அடிக்கும், பாறை வேறு சூட்டைத் திருப்பி வீசும். அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் பெரியவர்களுக்கு ஏற்ற காலம். அந்த மாதங்களில் காலையும் மாலையும் இதமாக இருக்கும், மலையில் இருட்டிய பிறகு ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். நடுப்பகல் வெயில் குளிர்காலத்திலும் சுள்ளென்றுதான் இருக்கும், தொப்பி மறக்க வேண்டாம்.

பச்சையும் எதிர்பார்க்காதீர்கள். இந்த மலைகள் மொட்டையாக, காய்ந்த ரத்தத்தின் பழுப்பு நிறத்தில் இருக்கும். அது ஏன் என்பதை அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டால் அவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடும். ஹஜர் மலைத்தொடரின் இந்தப் பகுதிப் பாறைகள் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த தரை. ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமியின் மேலோட்டுத் தட்டுகள் நெருக்கியதில் அந்தக் கடலடித் தரை அரேபிய நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வழக்கமாகக் கடல் தரை நிலத்துக்கு அடியில் செருகிப் புதைந்துவிடும். இங்கே மேலே ஏறிவிட்டது. பூமிக்கு ஆழத்தில் இருக்க வேண்டிய பாறையைச் செருப்புப் போட்டு நடந்து பார்க்கும் இடம் உலகில் இவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை என்பதால், ஓமனுக்கும் இந்தப் பக்கத்துக்கும் நிலவியல் படிப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பாறை காற்றுபட்டு இப்படிப் பழுத்திருக்கிறது.

இனி போகும் வழி. துபாய் நகரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், காரில் ஒன்றரை மணி நேரம். உங்களுக்குக் கார் இல்லாததால் துபாய் அரசுப் போக்குவரத்து ஆணையமான ஆர்டிஏவின் ஹெச்02 எக்ஸ்பிரஸ் பஸ்தான் சரி. துபாய் மால் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 2022-ல் தொடங்கினார்கள், ஆளுக்கு 25 திர்ஹம். பஸ் கட்டணம் செலுத்தும் நோல் கார்டில் மூன்று பேருக்கும் போக வரப் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். ஹத்தாவில் இறங்கியதும் உள்ளூரைச் சுற்றும் ஹெச்04 பஸ் இருக்கிறது. பாரம்பரிய கிராமம், அணை, ஹில் பார்க், வாதி ஹப் என்று முக்கியமான இடங்களில் எல்லாம் நிற்கும், ஏறும் தடவைக்கு 2 திர்ஹம். நேரங்களும் கட்டணமும் மாறக்கூடியவை, கிளம்புவதற்கு முன் ஆர்டிஏ செயலியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் பஸ்ஸையே பிடிப்பது நல்லது.

வழியில் அம்மா அப்பாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். நகரம் முடிந்ததும் வெளுத்த மணல், அல் மதாம் பக்கம் வரும்போது செம்மணல் மேடுகள், அப்புறம் கருத்த சரளைச் சமவெளி, கடைசியில் மலை என்று நிலம் நான்கு தடவை மாறும். மணல்வெளியில் தலை விரித்து நிற்கும் காஃப் மரங்களை அவர்களுக்குக் காட்டுங்கள். அவை நம்மூர் வன்னி மரமேதான், சிவன் கோவில்களில் தலவிருட்சமாக நிற்கிறதே, அதே மரம். 2008-ல் அமீரகம் இதைத் தேசிய மரமாக அறிவித்தது. பார்வைக்கு நம் சீமைக் கருவேலம் போலத் தெரியும். அந்தச் சீமைக் கருவேலமும் இங்கே ஏராளமாகப் பரவியிருப்பதால் குழம்பத்தான் செய்யும்.

பழைய பயணக் குறிப்புகளில் அல் மதாமிலிருந்து நேராக ஹத்தா போகும் சாலையைச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சாலை நடுவில் கொஞ்ச தூரம் ஓமன் மண்ணில் போகிறது. முன்பு யாரும் கேட்காமல் விட்டார்கள், பிறகு சோதனைச் சாவடி வந்துவிட்டது. இப்போது மலீஹா பக்கமாகத் திரும்பி, கல்பா சாலையைப் பிடித்துச் சுற்றித்தான் நம்மைப் போன்றவர்கள் போகிறோம். நண்பர் யாராவது கார் தருகிறேன் என்றால் இதை மனதில் வையுங்கள். வரைபடச் செயலி குறுக்கு வழி காட்டினால் நம்பிப் போய்விடாதீர்கள். சுற்று வழி என்பதில் நஷ்டமும் இல்லை. மலீஹாவுக்குப் பக்கத்திலிருக்கும் ஃபாயா மலையில் 1,25,000 ஆண்டுகள் பழைய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அந்த நிலப்பரப்பை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

துபாய்க்குச் சொந்தமான ஊர் எதற்காக இப்படித் தனியாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது என்று அப்பா நிச்சயம் கேட்பார். ஹத்தா துபாய் அமீரகத்தின் பகுதிதான், ஆனால் துபாயோடு ஒட்டியில்லை. ஒரு பக்கம் ஓமன், இன்னொரு பக்கம் அஜ்மானுக்குச் சொந்தமான மஸ்ஃபூத், அடுத்து ராஸ் அல் கைமாவின் மலைக் கிராமங்கள். ஹத்தாவை விட்டு ஐந்து நிமிடம் வண்டி ஓட்டினால் அஜ்மானில் இருப்பீர்கள். எண்ணெய் தேடும் வேலை மும்முரமான 1950-களில்தான் எல்லைகளை வரைய வேண்டிய தேவை வந்தது. ஜூலியன் வாக்கர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மலை மலையாகச் சுற்றி, ஒவ்வொரு ஊர்க்காரரிடமும் நீங்கள் எந்த ஷேக்கை ஏற்றுக்கொண்டவர்கள், யாருக்கு ஸகாத் என்ற மார்க்க வரி செலுத்துகிறீர்கள் என்று விசாரித்து வரைந்தார். பாலைவனத்தில் கோடு எதுவும் இல்லை, மனிதர்களின் விசுவாசம்தான் இருந்தது. அதையே கோடாக்கியதால் அமீரகத்தின் வரைபடம் இன்றும் ஒட்டுப்போட்ட துணியாக இருக்கிறது. ஹத்தாவின் பழைய பெயர் ஹஜரைன். ஒரு காலத்தில் ஓமன் சுல்தானின் கையில் இருந்தது. பக்கத்தில் குடியேறிய நயீம் பழங்குடியினரிடமிருந்து அதைக் காக்க முடியாமல் 19-ஆம் நூற்றாண்டில் துபாயின் மக்தூம் குடும்பத்திடம் விட்டுவிட்டார்கள்.

சரி, பஸ் ஹத்தாவில் நின்றுவிட்டது. நேரே பாரம்பரிய கிராமத்துக்குப் போங்கள். கல்லும் மண்ணும் பேரீச்ச மட்டையும் கொண்டு கட்டிய பழைய வீடுகளைச் சீரமைத்து 2001-ல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். மையத்தில் 1896-ல் ஷேக் மக்தூம் பின் ஹஷர் கட்டிய கோட்டை இருக்கிறது. ஊரின் ஜும்ஆ பள்ளிவாசல் அதைவிடப் பழையது, 1780 என்று சொல்கிறார்கள். ஹத்தாவில் இன்று நிற்கும் கட்டடங்களில் அதுவே மூத்தது.

இங்கே அவசரப்படாமல் சுவர்களைப் பாருங்கள். மலைக்கல்லை அடுக்கி நடுவில் மண்சாந்து இட்டிருப்பார்கள். கூரைக்குப் பேரீச்ச மரத்தை நீளவாட்டில் பிளந்து உத்தரமாகப் போட்டு, அதன் மேல் மட்டையும் பாயும் பரப்பி, கடைசியில் மண் பூசியிருப்பார்கள். நடு மதியத்தில் வெளியே நின்றுவிட்டு உள்ளே நுழைந்தால் வித்தியாசம் உடனே தெரியும். நம் கிராமங்களில் பனஞ்சட்டம் போட்ட மண்வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கூரையின் கீழ் வெகுநேரம் அண்ணாந்து நிற்பார்கள். என் அப்பாவும் நின்றார், சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்து மரம் இன்னும் கெட்டியாக இருக்கிறது என்றார்.

கிராமத்துக்கு மேலே குன்றுகளில் இரண்டு காவல் கோபுரங்கள் நிற்கின்றன. 1880-களில் கட்டியவை. வட்டமாக இருக்கும், மேலே போகப் போகச் சற்றுக் குறுகும். அதில் வாசலைத் தேடுங்கள். தரையில் இருக்காது, சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு சிறு பொந்து மாதிரி இருக்கும். காவல்காரர்கள் கயிற்றைப் பிடித்து ஏறி உள்ளே போய்க் கயிற்றை இழுத்துக்கொள்வார்கள். தோப்பையும் தண்ணீரையும் பிடிக்க வருகிறவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு. ஒரு கோபுரத்துக்கு ஏறும் பாதையில் படிகள் உண்டு, ஆனால் முழங்கால் வலி உள்ள அம்மாவை ஏற்ற வேண்டாம். கீழே நிழலில் திண்ணை இருக்கிறது, நீங்களும் அப்பாவும் போய்வாருங்கள். மேலே நின்று பார்த்தால் ஊரின் அமைப்பு புரிந்துவிடும். பழுப்பு மலைகளுக்கு நடுவே பேரீச்சந்தோப்பு ஒரே பச்சைத் திட்டாகக் கிடக்கும். அந்தத் திட்டு இருக்கிற இடத்தில்தான் ஊர் இருக்கிறது, அது முடிகிற இடத்தில் ஊரும் முடிந்துவிடும்.

இறங்கி அந்தத் தோப்புப் பக்கம் நடங்கள். ஃபலஜ் என்ற வாய்க்காலைத் தேடிப் பிடிப்பதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் முக்கியமான வேலை. மலையடிவாரத்தில் சுரக்கும் நீரை, சில ஊர்களில் பூமிக்கடியில் குடைந்த சுரங்கம் வழியாகவும், சில ஊர்களில் வாதியின், அதாவது மழை பெய்தால் நீர் ஓடும் மலைப் பள்ளத்தாக்கின், ஓரத்தில் வெட்டிய கால்வாய் வழியாகவும் தோப்புக்குக் கொண்டுவருகிறார்கள். மோட்டார் கிடையாது, சரிவு மட்டும்தான். சரிவு அதிகமானால் கரை அரித்துவிடும், குறைந்தால் நீர் தேங்கிவிடும். கருவி எதுவும் இல்லாத காலத்தில் கிலோமீட்டர் கணக்கில் அந்தச் சரிவைப் பிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. ஹஜர் மலையூர்களில் தண்ணீரை அளவால் பங்கிடுவதில்லை, நேரத்தால் பங்கிடுகிறார்கள். இன்ன குடும்பத்துக்கு இவ்வளவு நேரம் என்று முறை உண்டு. பகலில் கோலின் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றுவார்கள். முறை வந்தவர் தன் மடையைத் திறந்து பக்கத்து மடையைக் கல்லும் துணியும் வைத்து அடைத்துவிடுவார். நம்மூர் முறைப்பாசனமும் நீர்க்கட்டியும் தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓமனின் ஐந்து ஃபலஜ்கள் 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அமீரகத்தின் ஃபலஜ் அறிவுக்கும் 2020-ல் அங்கீகாரம் கிடைத்தது.

நீர் ஓடும் வாய்க்காலாகக் கிடைத்தால் குனிந்து பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத பழுப்பு மீன்கள் கல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காலை வைத்தால் கொஞ்ச நேரத்தில் வந்து மொய்த்துக் கொத்தும். இந்த மலைகளின் சுனைகளிலும் வாய்க்கால்களிலும் வாழும் மீன் அது, வாதி வற்றினால் மிஞ்சிய குட்டைகளில் ஒதுங்கி அடுத்த மழை வரை உயிர் பிடித்திருக்கும். ஒன்று மட்டும் கவனம், தோப்புகள் தனியார் சொத்து, வேலி தாண்டாதீர்கள். பாதையில் நின்று பார்த்தாலே பேரீச்சையின் நிழலில் எலுமிச்சை, மாமரம், அதற்கும் கீழே மாட்டுத் தீவனப்புல் என்று அடுக்கடுக்காகப் பயிர் வைத்திருப்பது தெரியும். வெயிலை மேலேயே வடிகட்டிவிட்டுக் கீழே விவசாயம் செய்கிறார்கள்.

இதைப் பார்த்த பிறகு அணைக்குப் போங்கள். இப்போது அந்தத் தண்ணீரைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும். மழைவெள்ளம் வீணாக ஓடிவிடாமல் நிறுத்தக் கட்டிய அணை. பச்சையும் நீலமுமாக நீர், நாலாபக்கமும் செங்குத்துப் பாறை. இன்று எல்லாரும் வருவது கயாக் ஓட்ட. பெரியவர்களுக்குக் கயாக் வேண்டாம், ஏறி இறங்குவதே சிரமம். வட்டமாகச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவது மாதிரி ஒரு படகு இருக்கிறது, டோனட் படகு என்பார்கள். குடும்பத்தோடு அதில் போவது சுலபம். உயிர்காப்புச் சட்டை கட்டாயம். அணையில் நீந்த அனுமதி இல்லை.

படகில் போகும்போது அப்பாவிடம் சொல்ல இன்னொரு சங்கதி. இந்த நீரை வைத்து துபாய் மின்சார நீர் ஆணையம் ஒரு மின்நிலையம் அமைக்கிறது. ஹத்தா அணை கீழ்த்தேக்கம், மலைக்கு மேலே புதிதாக ஒரு மேல்தேக்கம், இரண்டையும் இணைக்கப் பாறையைக் குடைந்து 1.2 கிலோமீட்டர் சுரங்கம். பகலில் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது நீரை மேலே ஏற்றிவிட்டு, தேவை கூடும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். திறன் 250 மெகாவாட், சேமிப்பு 1,500 மெகாவாட் மணி. வளைகுடா நாடுகளில் இந்த வகையில் இதுதான் முதலாவது. நம்மூரில் கோவை மாவட்டம் ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. அதே தத்துவம்தான் இங்கேயும். சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் கொண்டுவந்த ஊரில் அதே சரிவிலிருந்து இப்போது மின்சாரம் எடுக்கப்போகிறார்கள்.

மழை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில்தான் இங்கே மழையும் வரும். மொட்டைப் பாறை நீரை உறிஞ்சாது, எங்கோ மலைமேல் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வாதியில் வெள்ளமாக இறங்கிவிடும். வருடா வருடம் வேடிக்கை பார்க்கப் போய் வண்டியோடு மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023-லிருந்து சட்டமும் கடுமை. மழை நேரத்தில் வாதி, அணை ஓரம் கூடினால் 1,000 திர்ஹம் அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 6 கரும்புள்ளியும். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம், 23 கரும்புள்ளி, வண்டியும் 60 நாள் பறிமுதல். வானிலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இணையத்தில் ஹத்தா குளங்கள் என்று அழகழகான படங்கள் பார்த்திருப்பீர்கள். அவை ஓமன் பக்கம் இருக்கின்றன. உங்கள் பெற்றோர் விசிட் விசாவில் இருப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம். ஒருமுறை நுழையும் விசா என்றால் எல்லை தாண்டியதுமே அது முடிந்துவிடும், திரும்பி வரப் புது விசா எடுக்க வேண்டும். ஹத்தாவுக்குள்ளேயே இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. இருந்தாலும் எல்லையோர ஊர் என்பதால் பாஸ்போர்ட்டும் விசா நகலும் பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஊருக்குள் கஃப்தீரியாக்கள் உண்டு, பொரோட்டா, ஆம்லெட், கரக் சாயா கிடைக்கும். குளிர்காலத்தில் உள்ளூர்ப் பெண்கள் கடை போட்டிருந்தால் ரகாக் வாங்கிக் கொடுங்கள், நம் தோசையைவிட மெல்லிசாகச் சூடான தகட்டில் தேய்த்து முட்டையும் சீஸும் வைத்துத் தருவார்கள். அம்மா சைவம் என்றால் முட்டை இல்லாமல் கேட்கலாம். தேன் வாங்குவதானால் இலந்தை இனமான சித்ர் மரத்துத் தேனும், ஸம்ர் என்ற வேல மரத்துத் தேனும் இரண்டுமே ருசி பாருங்கள். ஸம்ர் கருத்து, அடர்த்தியாக, தொண்டையில் லேசாகக் கரகரக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். விலை அதிகம்தான், சின்னப் புட்டியாக வாங்கினால் போதும்.

மலையேற்றப் பாதை, சைக்கிள் பாதை, வாதி ஹப்பின் சாகச விளையாட்டுகள் எல்லாம் உங்கள் வயதினருக்கு. இன்னொரு நாள் நண்பர்களோடு வாருங்கள். ஹில் பார்க்கில் மட்டும் நேரமிருந்தால் உட்கார்ந்துவிட்டு வரலாம். மலைமேல் 19.28 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹத்தா எழுத்துகள் எப்படியும் கண்ணில் படும், அதற்கென்று தனியாக அலைய வேண்டாம்.

திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைப் பாருங்கள். வெள்ளி மதியத்திலிருந்து ஞாயிறு வரை கூட்டம் அதிகம், திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைப்பது சிரமம். இறங்கும்போதே திரும்பும் பஸ்களின் நேரத்தை ஓட்டுநரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தையதையே உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது நிரம்பிப் போனாலும் கையில் இன்னொன்று இருக்கும்.